காதுக்கு எட்டாத ஊளை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதக் கடிதங்களில் பலவும் ஒரே தொல்லையைப் பற்றியவை. ஸ்டுடியோவில் இருக்கும் ஒரு கருவி, யாரும் எதுவும் கொடுக்காமலே தானாக அலைய ஆரம்பிக்கிறது. சிலருக்கு அது விசிலாகக் கேட்கிறது. சிலருக்குக் கேட்கவே இல்லை, ஆனால் பதிவு கெட்டுப்போகிறது. இப்படித் தானாக அலைவதற்குப் பெயர் ஆசிலேஷன். ஆகவே இந்த முறை பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: ஐயா, என் பழைய மிக்சரில் ஒலியைப் பெருக்க இருந்த ஐசி எல்லாம் டிஎல் 072. புதியது போட்டால் ஒலி தெளிவாகும் என்று படித்தேன். எட்டு சேனலிலும் அவற்றை எடுத்துவிட்டு எல்எம் 4562 போட்டேன். இப்போது மூன்று சேனல்களில் ஒலி கரகரப்பாக வருகிறது. ஒரு சேனலில் எதுவும் கொடுக்காமலே மீட்டர் ஏறி நிற்கிறது, ஆனால் ஸ்பீக்கரில் சத்தமே இல்லை. எனக்குப் போலி ஐசி கொடுத்துவிட்டார்களா?

பதில்: போலியாக இருக்கலாம். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் வருவதற்கு அசல் ஐசியே போதும். மீட்டர் ஏறி நிற்கிறது, காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியிலேயே பாதி விடை இருக்கிறது. அங்கே சத்தம் இல்லாமல் இல்லை. நம் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறது, உங்கள் ஐசி அதற்கு வெகு மேலே, மெகாஹெர்ட்ஸ் கணக்கில் அலைந்துகொண்டிருக்கிறது. அந்த அலை வோல்டேஜில் பெரும்பகுதியைத் தின்றுவிடுவதால் பாட்டுக்கு மிஞ்சும் இடம் குறைவு. கரகரப்பு அதனால்தான்.

டிஎல் 072 மெதுவான ஐசி. அதன் கெயின் பேண்ட்விட்த், அதாவது எவ்வளவு உயர்ந்த அதிர்வெண் வரை அதனால் பெருக்க முடியும் என்ற அளவு, சுமார் 3 மெகாஹெர்ட்ஸ். எல்எம் 4562-க்கு அது 55 மெகாஹெர்ட்ஸ். உங்கள் போர்டை வடிவமைத்தவர் மெதுவான ஐசியை மனதில் வைத்துத்தான் தடங்களை ஓட்டியிருப்பார். சப்ளை வயர் 10 சென்டிமீட்டர் நீளம் என்றால் அதன் இண்டக்டன்ஸ் (வேகமான அலையைத் தடுக்கும் குணம்) தோராயமாக 100 நானோஹென்றி. பாட்டுக்கு அது ஒன்றுமே இல்லை. 30 மெகாஹெர்ட்ஸில் அதே வயர் கிட்டத்தட்ட 19 ஓம் தடை ஆகிவிடுகிறது. அப்புறம் ஐசியின் சப்ளைக் காலே சிக்னலோடு சேர்ந்து ஆடும், அந்த ஆட்டம் உள்ளே திரும்பிப் போகும். சுற்று மூடிவிட்டது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். மோசமான சேனல் ஒன்றை எடுத்து, அதில் மட்டும் பழைய டிஎல் 072-ஐத் திரும்பப் போட்டுப் பாருங்கள். மீட்டர் இறங்கினால் நோய் உறுதி. பிறகு புதிய ஐசியைப் போட்டு, 8-ஆம் காலுக்கும் 4-ஆம் காலுக்கும் நடுவே 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைப் போர்டின் அடிப்பக்கத்தில் நேராகப் பற்றவையுங்கள். கம்பி எவ்வளவு குட்டையாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. சப்ளை போர்டில் 1000 மைக்ரோஃபாரட் இருக்கிறதே, இது எதற்கு என்று கேட்பார்கள். அது தூரத்தில் இருக்கிறது, அதுதான் பிரச்சினையே. என் அனுபவத்தில் பத்தில் ஏழு கேஸ் இந்த ஒரு கெப்பாசிட்டரோடு முடிந்துவிடும்.

அதற்கும் அடங்கவில்லை என்றால், அவுட்புட்டை இன்புட்டுக்குத் திருப்பி அனுப்பும் ஃபீட்பேக் ரெசிஸ்டரைப் பாருங்கள். அது 10 கிலோஓமாக இருந்தால் அதற்கு இணையாக 22 பைகோஃபாரட் போடுங்கள். அந்தக் கட்டம் 720 கிலோஹெர்ட்ஸுக்கு மேல்தான் குறைய ஆரம்பிக்கும், ஒலிக்கு எந்தச் சேதமும் இல்லை. வெளியே கேபிளை ஓட்டும் கட்டம் என்றால் ஐசியின் அவுட்புட்டுக்கும் சாக்கெட்டுக்கும் நடுவே 47 முதல் 100 ஓம் வரை ஒரு ரெசிஸ்டர் கட்டாயம் வேண்டும். சாதாரண ஷீல்டு கேபிள் மீட்டருக்கு 100 பைகோஃபாரட் அளவில் இருக்கும். 10 மீட்டர் இழுத்தால் 1000 பைகோஃபாரட் ஐசியின் தலையில் நேராக ஏறுகிறது. அந்த ரெசிஸ்டர் ஃபீட்பேக் எடுக்கும் புள்ளிக்கு வெளிப்பக்கம் இருக்க வேண்டும், உள்ளே வைத்தால் பயன் இல்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பலர் டிஎல் 072-க்குப் பதில் 5532 போட்டுவிட்டு, வால்யூம் குமிழைத் திருப்பினால் சரசரக்கிறது, இதுவும் ஆசிலேஷனா என்று கேட்கிறார்கள். இல்லை. 5532-இன் இன்புட் காலில் 200 நானோஆம்பியர் அளவுக்குக் கரண்ட் ஓடும். அது 100 கிலோஓம் வழியாகப் போனால் 20 மில்லிவோல்ட் டிசி நிற்கும், குமிழ் அதைச் சுரண்டுகிறது. மருந்து வேறு: குமிழுக்கும் இன்புட் காலுக்கும் நடுவே ஒரு கெப்பாசிட்டர், அந்தக் காலிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர். 5534 போடுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த ஐசி மூன்று மடங்கு கெயினுக்குக் கீழே தானாக நிற்காது. ஒரு மடங்கில் ஓட்ட வேண்டும் என்றால் 5-ஆம் காலுக்கும் 8-ஆம் காலுக்கும் நடுவே 22 பைகோஃபாரட் வேண்டும். பழைய ஐசி இருந்த இடத்தில் அந்தக் கெப்பாசிட்டர் இருக்காது.

கேள்வி: என்னிடம் அலையைத் திரையில் காட்டும் ஆசிலோஸ்கோப் இல்லை. காதுக்குக் கேட்காத ஆசிலேஷனை நான் எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: ஸ்கோப் இல்லாமலும் நிறைய தெரிந்துகொள்ளலாம். சவுண்ட் கார்டையே ஸ்கோப்பாகப் பயன்படுத்தலாமே என்று மட்டும் நினைக்காதீர்கள். 96 கிலோஹெர்ட்ஸ் சாம்ப்ளிங் என்றாலும் அது 48 கிலோஹெர்ட்ஸ் வரைதான் பார்க்கும். மல்டிமீட்டரின் ஏசி ரேஞ்சும் உதவாது, சாதாரண மீட்டர்கள் சில கிலோஹெர்ட்ஸிலேயே குறைத்துக் காட்ட ஆரம்பித்துவிடும்.

முதலில் விரலை வையுங்கள். வோல்டேஜ் குறைவான ஐசி போர்டுகளில் மட்டும்; வால்வு கருவியிலும் பவர் சப்ளைப் பக்கத்திலும் கை வேண்டாம். டிஎல் 072 பிளஸ் மைனஸ் 15 வோல்ட்டில் எடுப்பது 100 மில்லிவாட்டுக்கும் குறைவு, அது சுடவே கூடாது. 5532 அதைப்போல மூன்று மடங்கு எடுக்கும், வெதுவெதுப்பாக இருப்பது அதற்கு இயல்பு. ஆகவே பக்கத்துச் சேனலில் உள்ள அதே ஐசியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே வேலை செய்யும் எட்டில் ஒன்று மட்டும் சுட்டால் அங்கேதான் போக வேண்டும்.

அடுத்தது டிசி. ஒவ்வொரு கட்டத்தின் அவுட்புட்டிலும் டிசி வோல்டேஜை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். சில மில்லிவோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் சில நூறு மில்லிவோல்ட் நின்றால், அது அலையும் ஐசியாக இருக்க வாய்ப்பு அதிகம். அலை மேலும் கீழும் ஒரே மாதிரி போகாததால் நடுக்கோடு நகர்ந்துவிடுகிறது.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்த வழி. பேட்டரியில் ஓடும் மீடியம் வேவ் ரேடியோ ஒன்றை எடுத்துக்கொண்டு, ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துக் கருவியின் பக்கத்தில் கொண்டுபோங்கள். முள்ளை மெதுவாக நகர்த்துங்கள். ஓரிடத்தில் அந்த இரைச்சல் திடீரென்று அமுங்கிப்போகும். அங்கே பேச்சோ பாட்டோ ஏறாத ஒரு வெறும் கேரியர் அலை இருக்கிறது என்று அர்த்தம். கருவியை நிறுத்துங்கள், இரைச்சல் திரும்ப வருகிறதா என்று பாருங்கள். பிறகு கருவிக்குள் 1 கிலோஹெர்ட்ஸ் டோன் ஒன்றை அனுப்புங்கள். ரேடியோவில் அந்த டோன் கேட்டால் சந்தேகமே வேண்டாம். ஸ்விட்ச்சிங் சப்ளை உள்ள கருவிகள் தாங்களாகவே ரேடியோவில் இரையும், அதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவை பெரும்பாலும் ஒரே சீரான இடைவெளியில் பல இடங்களில் தலைகாட்டும். ஷார்ட் வேவும் உள்ள ரேடியோ கிடைத்தால் இன்னும் மேலே தேடலாம்.

பின்னால் ஸ்கோப் வாங்கினால் 20 மெகாஹெர்ட்ஸ் உள்ளதே இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குப் போதும். ஆனால் புரோபை, அதாவது ஸ்கோப்பின் அளக்கும் முனையை, எப்போதும் பத்துக்கு ஒன்று நிலையில் வையுங்கள். ஒன்றுக்கு ஒன்று நிலையில் புரோபே 100 பைகோஃபாரட் அளவு சுமையை ஏற்றிவிடும். இல்லாத ஊளையை அதுவே கிளப்பும், சில சமயம் இருக்கிற ஊளையை நிறுத்தியும் விடும். புரோபை வைத்ததும் கருவி சரியாகிவிட்டது என்றால் அதுவும் ஒரு தடயம்தான்.

கேள்வி: நானே கட்டிய மைக் ப்ரீஆம்ப் மேசையில் அருமையாக ஓடுகிறது. ரேக்கில் மாட்டி மூடியைத் திருகினால் கெயினை முக்கால்வாசி ஏற்றும்போது விசில் வருகிறது. மூடியைக் கழற்றினால் நின்றுவிடுகிறது. என்ன மாயம் இது?

பதில்: இதே தொல்லையோடு நான் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன். வேறொருவர் பெட்டிக்குப் புதிதாகப் பெயின்ட் அடித்துக் கொடுத்திருந்த ப்ரீஆம்ப் அது. ஐசியை மாற்றினேன், கெப்பாசிட்டரை மாற்றினேன், வயர்களைத் திருப்பித் திருப்பிக் கட்டினேன். மூடியைத் திறந்து வைத்துச் சோதிக்கிறேன், எல்லாம் சரி. மூடினால் விசில். இரண்டாம் நாள் மாலையில் மூடிக்கும் சேசிஸுக்கும் (பெட்டியின் உலோக உடலுக்கும்) நடுவே மல்டிமீட்டரை வைத்தேன். தொடர்பே இல்லை. திருகு உட்காரும் இடத்தில் பெயின்ட். மூடி எதோடும் சேராமல் அந்தரத்தில் நிற்கிறது.

அப்படி நிற்கும் தகடு, அவுட்புட் பக்கத்திலிருந்து கொஞ்சம் சிக்னலை வாங்கி இன்புட் பக்கத்தில் கொடுக்கும். நடுவே கம்பி வேண்டியதில்லை, தகடும் வயரும் சேர்ந்து ஒரு கெப்பாசிட்டர் ஆகிவிடுகின்றன. மைக் ப்ரீஆம்ப் 60 டெசிபெல்லில் ஆயிரம் மடங்கு பெருக்குகிறது. வெளியே வந்ததில் ஆயிரத்தில் ஒரு பங்கு சரியான திசையில் உள்ளே திரும்பினால் போதும், அது தானாகவே ஓடும். உங்களுக்கு முக்கால்வாசிக் கெயினில் ஆரம்பிக்கிறது அல்லவா, அந்தப் புள்ளியில்தான் கசிவும் கெயினும் சமமாகின்றன.

திருகின் அடியில் பெயின்டைச் சுரண்டி, பல் வைத்த வாஷர் போட்டு, மூடியிலிருந்து சேசிஸ் வரை 1 ஓமுக்குக் கீழே வருகிறதா என்று அளந்துகொள்ளுங்கள். கூடவே இன்புட் வயரும் அவுட்புட் வயரும் ஒரே கட்டாகக் கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அழகுக்காகச் சேர்த்துக் கட்டுவதைப் பலரிடம் பார்க்கிறேன். மனம் வலித்தாலும் அந்தக் கட்டை அவிழ்த்துவிடுங்கள். மைக் கேபிள் மாட்டும் எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டில், கேபிளின் ஷீல்டு வரும் 1-ஆம் பின் எங்கே போகிறது என்பதையும் பாருங்கள். அது சாக்கெட்டின் பக்கத்திலேயே சேசிஸுக்குப் போக வேண்டும், போர்டின் சிக்னல் கிரவுண்டுக்குள் நுழையக் கூடாது. 1995-இல் நீல் மன்சி ஆடியோ என்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் இந்தத் தவறைத்தான் விரிவாக எழுதினார். அதைப் படித்த பிறகு நான் சாக்கெட் வயரிங் செய்யும் முறையே மாறிவிட்டது.

கேள்வி: கணினியில் ஒரு டிராக்கைப் பதிவுக்குத் தயார் செய்ததும் ஊளை கிளம்பி ஏறிக்கொண்டே போகிறது. மைக்கைக் கழற்றிவிட்டாலும் நிற்கவில்லை. மைக்கைக் கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் பழுதா?

பதில்: பழுது இல்லை, பாதை தப்பு. இன்டர்ஃபேஸின் லூப்பேக் வழி திறந்திருக்கிறது. டிராக்கின் சத்தம் வெளியே போய், லூப்பேக் வழியாக அதே டிராக்கின் இன்புட்டுக்கு வருகிறது. உறுதி செய்ய ஒரு சுலபமான சோதனை: பஃபர் அளவை, அதாவது கணினி ஒலியை எவ்வளவு நேரம் தேக்கி வைக்கிறது என்பதை, மாற்றுங்கள். ஊளையின் சுருதி மாறினால் சுற்று கணினி வழியாகத்தான் ஓடுகிறது. போய்வர 12 மில்லிசெகண்ட் ஆகிறது என்றால் 83 ஹெர்ட்ஸ் இடைவெளியில் அந்தச் சுற்றுக்கு ஆடப் பிடிக்கும். நேரம் மாறினால் அந்த இடைவெளியும் மாறும். சுருதி மாறவில்லை என்றால் மிக்சரில் தேடுங்கள். எஃபெக்ட் திரும்பி வரும் சேனலில் அதே எஃபெக்டுக்குப் போகும் ஆக்ஸ் குமிழ் திறந்திருக்கும். மூடிவிட்டால் முடிந்தது.

கேள்வி: நெகடிவ் ஃபீட்பேக் தவறைத் திருத்துவதற்குத்தானே? அதுவே எப்படி ஊளையிட வைக்கும்? புத்தகத்தில் உள்ள சமன்பாடு புரிகிறது, விஷயம் புரியவில்லை. (சவுண்ட் என்ஜினியரிங் மாணவர்)

பதில்: நல்ல கேள்வி, தம்பி. ஒருவர் வண்டியைப் பின்னால் எடுக்கிறார், நீ பின்னால் நின்று வழி சொல்கிறாய். இடது பக்கம் போகிறது, வலது பக்கம் திருப்பு என்கிறாய். அவர் உடனே திருப்பினால் வண்டி நேராகிவிடும். நீ சொல்வது அவர் காதில் நாலு நொடி கழித்து விழுந்தால்? வண்டி ஏற்கெனவே வலது பக்கம் வந்திருக்கும், அப்போதுதான் அவர் இன்னும் வலது பக்கம் திருப்புவார். நீ அலறி இடது என்பாய், அதுவும் தாமதமாகத்தான் போய்ச்சேரும். நீ சொல்வதில் தவறே இல்லை. தாமதம் அதைத் தலைகீழாக்கிவிடுகிறது. வண்டி இடமும் வலமும் ஆடிக்கொண்டே போகும்.

ஐசிக்குள் அந்தத் தாமதத்துக்குப் பெயர் ஃபேஸ் ஷிஃப்ட். உள்ளே இருக்கும் ஒவ்வொரு கட்டமும், வெளியே கேபிளின் ஒவ்வொரு மீட்டரும் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதம் சேர்க்கின்றன. மொத்தம் 180 டிகிரி ஆகும் இடத்தில் கழிக்க வேண்டியது கூட்டலாகிறது. அந்த அதிர்வெண்ணில் சுற்றின் கெயின் ஒன்றுக்குக் குறையாமல் இருந்தால் அலை நிற்காது. ஜெர்மன் இயற்பியலாளர் பார்க்ஹவுசன் சொன்ன நிபந்தனை இதுதான். நெகடிவ் ஃபீட்பேக் யோசனை பெல் லேப்ஸ் பொறியாளர் ஹரால்ட் பிளாக்குக்கு 1927 ஆகஸ்ட் 2-ஆம் தேதி ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வந்தது, கையிலிருந்த செய்தித்தாளின் பக்கத்திலேயே வரைந்தார். அந்தப் பெருக்கி எப்போது கத்தும், எப்போது கத்தாது என்பதை முறையாகக் கணக்கிட்டு அதே பெல் லேப்ஸின் நைக்விஸ்ட் எழுதியது 1932-இல். நீ சமன்பாட்டில் பார்ப்பது அந்த ஐந்து ஆண்டு உழைப்பு. இனி ஒரு போர்டைப் பார்க்கும்போது கெயின் எவ்வளவு என்பதோடு, எங்கே எவ்வளவு தாமதம் சேருகிறது என்றும் கேட்டுப் பார்.

கேள்வி: என் ஆக்டிவ் மானிட்டரில் (ஆம்ப்ளிஃபையர் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கரில்) உச்ச ஒலிக்கான ட்வீட்டர் மூன்றாவது தடவையாக எரிந்துவிட்டது. நான் சத்தமாகவே வைப்பதில்லை.

பதில்: நான்காவது ட்வீட்டரை இப்போது மாட்டாதீர்கள். காதுக்குக் கேட்காத ஆசிலேஷன்தான் அதை எரிக்கிறதோ என்று முதலில் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட்டில் 10 ஓம் ரெசிஸ்டரும் 100 நானோஃபாரட் கெப்பாசிட்டரும் வரிசையாகக் கிரவுண்டுக்குப் போகும். மதிப்பு கொஞ்சம் மாறலாம். பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்கள் காலியாகும் வரை பொறுத்து, அந்த ரெசிஸ்டரை மட்டும் பாருங்கள். கருகி இருந்தால் ஆம்ப்ளிஃபையர் ஆசிலேட் ஆகியிருக்கிறது. 20 கிலோஹெர்ட்ஸில் அந்தக் கெப்பாசிட்டர் 80 ஓம், பாட்டு அந்த வழியில் அதிகம் போகாது. 1 மெகாஹெர்ட்ஸில் அது 1.6 ஓம் ஆகிவிடுகிறது, மொத்தச் சூடும் ரெசிஸ்டரின் தலையில் விழும். கருகிய ரெசிஸ்டரை மாற்றுவது அவசியம், ஆனால் அதோடு நிறுத்தக் கூடாது. ஆம்ப்ளிஃபையர் ஐசிக்குப் பக்கத்தில் உள்ள சப்ளை கெப்பாசிட்டர்கள் வற்றியிருக்கின்றனவா, பழுது பார்த்தவர் யாராவது வேறு மாதிரி ஐசி போட்டிருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். சோதிக்கும்போது ட்வீட்டருக்குப் பதில் 8 ஓம் பவர் ரெசிஸ்டரை மாட்டுங்கள்.

கேள்வி: பழைய வால்வு ப்ரீஆம்ப் ஒன்று கிடைத்தது. போட்டதும் நொடிக்கு இரண்டு மூன்று முறை டப் டப் என்று அடிக்கிறது, ஸ்பீக்கர் கோன் உள்ளேயும் வெளியேயும் போகிறது. மைக்கே இல்லை.

பதில்: இது ஆசிலேஷனின் மறுகோடி. மோட்டார் படகு ஓடுகிற மாதிரி அடிப்பதால் இதற்கு மோட்டார்போட்டிங் என்றே பெயர். எல்லாக் கட்டங்களும் ஒரே ஹைவோல்டேஜ் சப்ளையில் தொங்குகின்றன. கடைசிக் கட்டம் கரண்ட் இழுக்கும்போது சப்ளை கொஞ்சம் அசையும். முதல் கட்டத்துக்கு அந்த அசைவு போகாமல் தடுப்பது 22 கிலோஓம் மாதிரி ஒரு ரெசிஸ்டரும், அதன் பின்னால் உள்ள எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரும்தான். வயதாகி அந்தக் கெப்பாசிட்டர் வற்றிப்போனால் கதவு திறந்த மாதிரி.

அங்கே 250, 300 வோல்ட் இருக்கும், அணைத்த பிறகும் தங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, ரெசிஸ்டர் வழியாக இறக்கி, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். பிறகு அதே மதிப்பும், வோல்டேஜில் அதைவிடக் குறையாததுமான நல்ல கெப்பாசிட்டர் ஒன்றைப் பழையதற்கு இணையாகப் பிளஸ் மைனஸ் பார்த்துப் பற்றவைத்து, கையை எடுத்த பிறகு ஆன் செய்யுங்கள். டப் டப் நின்றால் பழையதை எடுத்துவிட்டுப் புதியதை நிரந்தரமாகப் போடுங்கள். பக்கத்தில் உள்ளவையும் அதே வயதுதான், அவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

இதைச் செய்யும்போது அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி மாட்ட நேர்ந்தால், ஒவ்வொரு வயரிலும் அடையாளம் கட்டிக்கொள்ளுங்கள். ஃபீட்பேக்கை அதன் இரண்டாம் சுற்றிலிருந்து (செகண்டரியிலிருந்து) எடுக்கும் கருவி என்றால், வயர்கள் இடம் மாறிய உடனே நெகடிவ் ஃபீட்பேக் பாசிட்டிவ் ஆகிவிடும், ஆன் செய்ததும் பயங்கரமாக அலறும். அப்படி அலறினால் உடனே அணைத்து, வோல்டேஜ் இறங்கிய பிறகு அந்தச் சுற்றின் இரண்டு வயர்களையும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடுங்கள்.